பள்ளத்தை இரண்டு முறை தோண்டினேன்: மண்ணுக்கடியில் ஃபைபர் கேபிள் இழுத்த அனுபவம்

மூன்று மில்லிமீட்டர் கேபிளுக்கு 20 மில்லிமீட்டர் குழாய் தாராளம் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நினைப்பால் ஏற்கெனவே மூடிய பள்ளத்தை நான்கு இடங்களில் மறுபடி தோண்டினேன். 150 மீட்டர் புதுக் கேபிள் ஒன்று பயனில்லாமல் போனது. நான்கு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஏழு வாரம் இழுத்தது. செலவு, முதலில் போட்ட கணக்கைப் போல இரண்டரை மடங்கு. பணம் போனதைவிட, மூடிய மண்ணை மறுபடி வெட்டும்போது மனதில் வரும் சோர்வு இருக்கிறதே, அதுதான் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் முன்கூட்டியே உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் இதில் பாதிகூட நடந்திருக்காது. அதனால்தான் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எங்கள் வீடு வெளிவாசலில் இருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கேபிள் போகும் வழியாக அளந்தால் 140 மீட்டர். இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம் வாசல் சுவரில் ஒரு பெட்டி வரைக்கும் ஃபைபரை, அதாவது வெளிச்சம் வழியாகத் தகவல் கொண்டுபோகும் கண்ணாடி இழைக் கேபிளை, கொண்டுவந்து தரும். அங்கிருந்து வீடு வரைக்கும் குழாய் பதிப்பது நம் பொறுப்பு. சாதாரண செம்பு நெட்வொர்க் கேபிளைப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். அதற்கு 100 மீட்டர்தான் எல்லை. அதோடு, மண்ணுக்கடியில் நீளமாகச் செம்பு போட்டால் இடி மின்னல் நேரத்தில் அது வழியாக மின்சாரம் வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் வரைக்கும் பாயலாம். கண்ணாடி இழையில் அந்தப் பயம் இல்லை. ஆக ஃபைபர்தான் என்று முடிவானது. அந்த முடிவில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செய்த விதம்தான் தவறு.

பள்ளத்தை நானே தோண்டினேன். அரை மீட்டர் ஆழம், மண்வெட்டி அகலம். தோண்டுவதற்கு முன்னால் அந்த வழியில் ஏற்கெனவே என்னென்ன புதைந்திருக்கிறது என்று விசாரித்து, தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் போகும் இடத்தில் குச்சி நட்டு வைத்தேன். நான் சரியாகச் செய்த ஒரே வேலை அதுதான். மின் கேபிள் குறுக்கே வந்த இடத்தில் முப்பது சென்டிமீட்டர் இடைவெளி விட்டேன். ஃபைபரில் போவது வெளிச்சம் என்பதால் பக்கத்தில் மின்சாரம் ஓடினால் சிக்னல் கெடாது. ஆனால் நாளைக்கு ஃபைபரைச் சரிசெய்யக் குனிகிறவர் கையில் மண்வெட்டி இருக்கும், அவருக்காகத்தான் அந்த இடைவெளி. இரண்டையும் ஒரே குழாயில் போடுவதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

குழாய் வாங்கப் போனபோது, தண்ணீருக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயும் திருப்பங்களுக்கு நான்கு எல்போவும் (செங்கோணத்தில் சட்டென்று திரும்பும் இணைப்புத் துண்டு) வாங்கினேன். வாசல் பெட்டியில் இருந்து கீழே இறங்கும் இடத்தில் ஒன்று, பாதி வழியில் ஒரு மரத்தைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஒன்று, வீட்டு மூலையில் ஒன்று, சுவரோரம் மேலே ஏறும் இடத்தில் ஒன்று. குழாயை ரம்பத்தால் அறுத்தேன், பசை தடவினேன், ஒட்டினேன், மண்ணைத் தள்ளி மூடினேன். அன்று சாயங்காலம் சமமாக மிதித்துவிட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா! மூன்று நாள் உழைப்பு. முதுகு ஒடிந்துபோயிருந்தது.

அடுத்த நாள் டெக்னீஷியன் வந்தார். குழாயின் வாயை எட்டிப் பார்த்துவிட்டு, “கயிறு எங்க சார்?” என்றார்.

“எந்தக் கயிறு தம்பி?”

“குழாய்க்குள்ள இழு கயிறு விடலையா சார்? கேபிளை எதுல கட்டி இழுக்குறது?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. எல்போ எத்தனை என்று மட்டும் கேட்டார். நான்கு என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கயிறு விட்டு வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள், வந்து இழுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். குழாயைத் துண்டு துண்டாக ஒட்டும்போதே ஒரு நைலான் கயிற்றை ஒவ்வொரு துண்டின் உள்ளேயும் கோத்துக்கொண்டே வந்திருந்தால் கூடுதலாக அரை மணி நேரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். இதைப் படிக்கிறவர் இன்னும் மண்ணை மூடவில்லை என்றால், இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்க் கயிறு இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் நீளத்தைவிட நாலைந்து மீட்டர் கூடுதலாக விட்டு, இரண்டு முனையையும் உள்ளே நழுவிவிடாதபடி ஒரு குச்சியில் கட்டி வையுங்கள். பருத்திக் கயிறு வேண்டாம், ஈரத்தில் மக்கிவிடும்.

மூடிய குழாயில் கயிறு விட ஒரு வழி இருக்கிறது. அது எனக்குக் கைகொடுத்தது. மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஒரு துண்டைக் கிழித்து, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, அதில் லேசான நைலான் நூலைக் கட்டி வாசல் முனையில் நுழைத்தேன். வீட்டு முனையில் வாக்குவம் கிளீனர் குழலை வைத்து, சுற்றிலும் துணியால் இறுக்கி மூடி ஓட விட்டேன். நூல்கண்டை ஒரு பென்சிலில் மாட்டிப் பிடித்திருந்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நூல் லேசாக அசைந்தது, அப்புறம் திடீரென்று பென்சில் மேல் கண்டு கடகடவென்று சுற்ற ஆரம்பித்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, அந்தப் பக்கம் உறிஞ்சும் சத்தம் மாறியது. பை போய்ச் சேர்ந்துவிட்டது! அந்த நூலில் கொஞ்சம் தடித்த நூல், அதில் கயிறு என்று மாற்றி மாற்றி இழுத்தேன். குழாய் காய்ந்திருக்க வேண்டும், ஒட்டுகளில் காற்று கசியக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் இது நிச்சயம் வேலை செய்யும்.

இந்த வெற்றி தந்த தைரியத்தில் அடுத்த தவறைச் செய்தேன். டெக்னீஷியனுக்காகக் காத்திருக்க மனமில்லாமல், இரண்டு முனையிலும் கனெக்டர் மாட்டியே வரும் 150 மீட்டர் கேபிளை நானே வாங்கினேன். மஞ்சள் நிறம், மூன்று மில்லிமீட்டர் தடிமன். கொண்டுவந்து செருகினால் வேலை முடிந்தது என்று எண்ணம். கனெக்டரின் அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு, குழாயின் உள்விட்டம் 16 மில்லிமீட்டர், ஆகவே நுழைந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அகலத்தை அளந்தேனே தவிர நீளத்தை அளக்கவில்லை. கனெக்டரும் அதன் பின்னால் இருக்கும் ரப்பர் வாலும் சேர்ந்தால் ஒரு சுண்டுவிரல் நீளம் வரும். வளையாத ஒரு சுண்டுவிரலை எல்போவின் சட்டென்ற திருப்பத்துக்குள் திருப்பவே முடியாது. வாசல் எல்போவை அது எப்படியோ தாண்டியது. மரத்தடி எல்போவில் போய் நின்றுவிட்டது.

நான் இழுத்தேன். வரவில்லை. கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு உடம்பைச் சாய்த்து இழுத்தேன். ‘டப்’ என்று ஏதோ விட்டது போல இருந்தது, பத்து சென்டிமீட்டர் நகர்ந்தது, மறுபடி நின்றது. கேபிளைப் பின்னோக்கி உருவி எடுத்தபோது கனெக்டருக்குப் பின்னால் மஞ்சள் உறை நீண்டு மெலிந்து, நடுவில் வெளுத்துப்போயிருந்தது. மறுமுனையில் சிவப்பு லேசர் டார்ச்சைச் செருகிப் பார்த்தேன். ஃபைபர் எங்கே உடைந்தது என்று பார்க்க உதவும் பேனா மாதிரியான கருவி அது. மெலிந்த அந்த இடத்தில் உறைக்கு மேலேயே சிவப்பாக வெளிச்சம் கசிந்தது. அதைத் தாண்டி இருட்டு. உள்ளே கண்ணாடி முறிந்துவிட்டது. கேபிளின் வேறு பல இடங்களிலும் உறை நீளவாக்கில் கீறியிருந்தது. ரம்பத்தால் அறுத்த குழாய் விளிம்புகளை நான் உரசி வழவழப்பாக்கவில்லை. ஒவ்வொரு ஒட்டும் உள்ளே ஒரு சின்னக் கத்தியாக நின்றிருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திருப்பிக் கொடுக்கவும் முடியாத பொருள்.

பிறகுதான் இதைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், இது முக்கியமான விஷயம். வளைவு ஒவ்வொன்றும் உராய்வைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொண்டால், ஒரு 90 டிகிரி வளைவைத் தாண்டும்போது இழுவிசை சுமார் 2.2 மடங்காகிறது. இரண்டாவது வளைவில் அந்த 2.2 இன்னொரு 2.2 ஆல் பெருகிக் கிட்டத்தட்ட 4.8 ஆகிறது. நான்கு வளைவு சேர்ந்தால் சுமார் 23 மடங்கு. அந்தப் பக்கம் ஒரு கிலோ பாரம் பிடித்தால் இந்தப் பக்கம் 23 கிலோ இழுக்க வேண்டும். நேரான குழாய் 200 மீட்டர் இருந்தாலும் கேபிள் போய்விடும். நான்கு எல்போ இருந்தால் 50 மீட்டரே பாடுபடுத்தும். டெக்னீஷியன் எல்போ எத்தனை என்று கேட்டதற்கு இதுதான் காரணம். மசகு தடவினால் உராய்வு குறையும். அதற்கும் கேபிளுக்கென்றே விற்கும் தண்ணீர் சார்ந்த மசகுதான் வேண்டும். கிரீஸ், எஞ்சின் ஆயில் எல்லாம் கேபிளின் உறையைக் கெடுத்துவிடும்.

இந்தக் கணக்கில் இருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. பெருக்கல் என்பதால், ஏற்கெனவே இருக்கும் பாரம் எவ்வளவோ அதைத்தான் வளைவு பெருக்கும். கேபிள் குழாயில் நுழைந்தவுடன் வளைவு வந்தால் அங்கே பாரம் மிகக் குறைவு, பெருகினாலும் பெரிதாகாது. நூறு மீட்டர் உரசிக்கொண்டு வந்த பிறகு வளைவு வந்தால் அது பெரிய பாரத்தைப் பெருக்கும். ஆகவே வளைவுகள் அதிகமாக இருக்கும் முனையில் இருந்து கேபிளை உள்ளே விட வேண்டும், வளைவு குறைந்த முனையில் நின்று இழுக்க வேண்டும். நான் நேர்மாறாகச் செய்திருந்தேன். இழுக்க வாட்டமான இடம் வீட்டுப் பக்கம் என்று அங்கே நின்று இழுத்தேன். எல்போக்களில் இரண்டு அங்கேதான் இருந்தன.

சரி, எல்போக்களை எடுத்தாக வேண்டும். அவை மண்ணுக்கடியில் எங்கே இருக்கின்றன என்று சரியாகத் தெரியவில்லை. படம் எடுத்து வைக்கவில்லை, அளவும் குறித்து வைக்கவில்லை. மரத்தடியில்தானே இருக்கிறது என்று தோண்டினேன். இரண்டு குழி வெட்டியும் கிடைக்கவில்லை. கடைசியில் உடைந்த கேபிளே வழி காட்டியது. அதன் உறையில் மீட்டருக்கு ஒரு முறை எண் அச்சிட்டிருந்தது. மாட்டி நின்றபோது வாசல் முனையில் குழாய் வாய்க்கு நேராக எந்த எண் இருந்தது என்று எனக்கு நினைவிருந்தது. எண்ணிப் பார்த்தால் 81 மீட்டர். அளவு டேப்பைப் பள்ளத்தின் வழியாகவே விரித்து 81 வந்த இடத்தில் வெட்டினேன், மண்வெட்டி நுனி குழாய் மேல் தட்டியது. வீட்டுப் பக்கத்து எல்போக்களுக்கு எலக்ட்ரீஷியன்கள் வயர் இழுக்கும் ஸ்பிரிங்கை உள்ளே விட்டு, முட்டும் இடத்தில் அதில் டேப் ஒட்டி, வெளியே எடுத்து நிலத்தின் மேல் அளந்து கண்டுபிடித்தேன். மூடுவதற்கு முன்னால் பள்ளத்தில் அளவு டேப்பைப் போட்டு, பக்கத்துச் சுவரும் படத்தில் தெரிகிற மாதிரி ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு படம் எடுத்திருந்தால் இந்த நான்கு நாள் மிச்சம்.

மரத்தடி எல்போவை அறுத்தபோது உள்ளே இருந்து சேறு வழிந்தது. நடுவில் ஒரு வாரம் மழை பெய்திருந்தது. ஒட்டு சரியாகப் பிடிக்காமல் தண்ணீர் இறங்கியிருக்கிறது. டெக்னீஷியனிடம் போனில் கவலையாகச் சொன்னேன். “மண்ணுக்குள்ள இருக்குற குழாய்ல தண்ணி வராம இருக்காது சார், எவ்வளவு ஒட்டினாலும் ஒருநாள் வரும். தண்ணியைத் தாங்குற கேபிள் போடுங்க” என்றார். அப்போதுதான் நான் வாங்கியது வீட்டுக்குள் போடும் கேபிள் என்றே தெரிந்தது. அது முறியாமல் போய்ச் சேர்ந்திருந்தாலும் சில வருடத்தில் தொல்லை கொடுத்திருக்கும். வெளியில் போடும் கேபிளில் ஈரம் பட்டால் ஊதி அடைத்துக்கொள்ளும் நூலோ, ஜெல்லோ உள்ளே இருக்கும். கறுப்பு உறை இருக்கும். இழுவையைத் தாங்க அராமிட் என்ற உறுதியான செயற்கை நூலோ கண்ணாடி நாரில் செய்த கம்பியோ இருக்கும். வாங்கும்போது இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நான் இரண்டாவது முறை வாங்கியது ஆறு மில்லிமீட்டர் தடிமனில் நான்கு இழை உள்ள கேபிள். வீட்டுக்கு ஓர் இழை போதும். ஆனால் ஒன்று முறிந்தால் இன்னொன்றை ஒட்டிக்கொள்ளலாம், விலை வித்தியாசமும் அதிகமில்லை.

எல்போ இருந்த மூன்று இடத்தில், பெரிய வட்டமாகத் திரும்பும் நீள் வளைவுகளை வைத்தேன். ஃபைபர் கேபிளுக்குப் பொதுவான விதி ஒன்று உண்டு: இழுக்கும்போது வளைவின் ஆரம் கேபிள் தடிமனைப் போல 20 மடங்குக்குக் குறையக் கூடாது, இழுத்து முடித்து ஓய்வில் இருக்கும்போது 10 மடங்கு. ஆறு மில்லிமீட்டர் கேபிளுக்கு 12 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டர். தண்ணீர்க் குழாய் எல்போவின் ஆரத்தை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கட்டைவிரல் அகலம்கூட வராது. நான்காவது இடமான மரத்தடியில் வளைவே வைக்கவில்லை. அங்கே மூடியுள்ள ஒரு பெட்டியைப் புதைத்து, இரண்டு பக்கத்துக் குழாயையும் அதற்குள் கொண்டுவந்து முடித்தேன். அடியில் ஜல்லி போட்டேன், தண்ணீர் வந்தால் இறங்கிவிடும். இந்தப் பெட்டிதான் எல்லாவற்றையும் மாற்றியது. 140 மீட்டர் ஒரே மூச்சில் இழுப்பதற்குப் பதிலாக 60, 80 என்று இரண்டு தவணையாகிவிட்டது. மறுபடி தொடக்கத்தில் இருந்து செய்வதாக இருந்தால் குழாயையும் 32 அல்லது 40 மில்லிமீட்டரில் போடுவேன். நேர் குழாய்களை மாற்ற எனக்கு அப்போது தெம்பில்லை.

இரண்டாவது இழுப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் என் மனைவியும்தான். ரீலை இரண்டு வளைவுகள் உள்ள வீட்டுப் பக்கம் வைத்தோம். கேபிளின் முனையில் உறையை முக்கால் அடிக்கு உரித்து, கண்ணாடி இழைகளை வெட்டிவிட்டு, உள்ளே இருந்த மஞ்சள் அராமிட் நூலை மட்டும் முறுக்கிக் கயிற்றில் முடிந்தேன். இழுவை முழுதும் அந்த நூலில்தான் விழ வேண்டும், உறையில் விழக் கூடாது. முடிச்சின் மேல் டேப்பை நுனி மெலிந்து வருமாறு சுற்றினேன், எங்கும் தட்டாமல் வழுக்கிக்கொண்டு வர. கேபிளோடு சேர்த்து இன்னொரு புதுக் கயிற்றையும் கட்டி விட்டோம், அடுத்த முறைக்கு. அவர் வீட்டுப் பக்கம் மசகு தடவித் தடவி ஊட்டினார், நான் மரத்தடிப் பெட்டியில் இழுத்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்திருந்தோம். “இழுங்க, இழுங்க, நிறுத்துங்க” என்று அவர் குரல் மட்டும். கேபிள் இரண்டு கையால் நிதானமாக இழுக்கிற அளவுக்கு லேசாக வந்தது. அந்த லேசை நம்பவே முடியவில்லை.

பெட்டியில் வெளிவந்த மீதிக் கேபிளைத் தார்ப்பாயின் மேல் எட்டு வடிவில் போட்டுக்கொண்டே வந்தேன். வட்டமாகச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கு ஏறும், மறுபடி இழுக்கும்போது சுருக்கு விழும், சுருக்கு இறுகினால் இழை முறியும். எட்டு வடிவில் ஒரு பாதியில் ஏறும் முறுக்கு மறு பாதியில் அவிழ்ந்துவிடும். எல்லாம் வந்து முடிந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த எட்டை அப்படியே புரட்டிப் போட்டோம். முதலில் வந்த முனைதானே அடியில் மாட்டியிருக்கும், அது மேலே வர வேண்டும். பிறகு அங்கிருந்து வாசலுக்கு 80 மீட்டர். மொத்தம் இரண்டு மணி நேரம் ஆகவில்லை. வீட்டுப் பக்கம் பத்து மீட்டரும் பெட்டிக்குள் கொஞ்சமும் உபரியாக விட்டோம். எங்காவது வெட்டுப்பட்டால் ஒட்டுவதற்கு அந்த உபரி இல்லாமல் முடியாது.

டெக்னீஷியன் வந்து ஒட்டிக் கொடுத்தார். இந்த ஒட்டு வேலையை நாமே செய்ய நினைக்க வேண்டாம். மேல்பூச்சை உரித்த இழை 125 மைக்ரான், அதற்குள் வெளிச்சம் போகும் நடுப்பகுதி ஏறத்தாழ 9 மைக்ரான்தான். இரண்டு நடுப்பகுதியும் நேர்கோட்டில் வர வேண்டும். மெஷின் அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, மின்பொறியால் உருக்கி ஒட்டுகிறது. வெட்டி விழுகிற இழைத் துண்டுகளை அவர் ஒவ்வொன்றாக ஒட்டு டேப்பில் ஒற்றி எடுத்தார். கையால் தள்ளினால் தோலில் ஏறிவிடும், கண்ணுக்கும் தெரியாது. அதே போல, ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பார்க்கவே கூடாது. அதில் போவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். தெரியவில்லை என்பதால் இல்லை என்று அர்த்தமில்லை.

ஒட்டி முடித்தும் இணைப்பு வரவில்லை. என் நெஞ்சு அடைத்துக்கொண்டது. வந்து சேரும் வெளிச்சத்தின் வலுவை அளக்கும் பவர் மீட்டர் வாசலில் மைனஸ் 19.4 டிபிஎம் காட்டியது, வீட்டில் மைனஸ் 28.6. மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். பரவலாகப் புழங்கும் மோடம்களுக்கு மைனஸ் 27 வரைதான் தாக்குப்பிடிக்கும். ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே இழப்பு அரை டெசிபெல்லுக்கும் குறைவு, 160 மீட்டரில் 9 டெசிபெல் போக வழியே இல்லை. டெக்னீஷியன் சிவப்பு லேசரைச் செருகிவிட்டு வீட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சுருட்டி வைத்திருந்த இழையில், நான் அழகுக்காகப் போட்டிருந்த பிளாஸ்டிக் கட்டு இறுகிப் பிடித்திருந்த இடத்தில், இழை மடங்கிச் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கட்டை வெட்டினார். இழை தானாக அகன்று வட்டமாக உட்கார்ந்தது. மீட்டர் மைனஸ் 20.1. அரை நிமிடத்தில் மோடத்தில் பச்சை விளக்கு நின்று எரிந்தது. ஏழு வாரத்துக்குப் பிறகு அந்த விளக்கைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைக்க ஒன்றுமில்லை. பெட்டிக்குள் கட்ட வேண்டும் என்றால் ஒட்டிப் பிரிக்கக்கூடிய துணிப்பட்டையால் (வெல்க்ரோ) தளர்வாகக் கட்டுங்கள். கனெக்டர் நிறத்தையும் பாருங்கள்: பச்சையின் முகம் 8 டிகிரி சாய்வு, நீலம் நேர் முகம். பச்சையைப் பச்சையோடுதான் சேர்க்க வேண்டும். மாற்றிச் செருகினால் உள்ளே போய்விடும், ஆனால் சிக்னல் விழுந்துவிடும்.

முதல் பெருமழையில் இன்னொரு பாடம் கிடைத்தது. வாசல் மேட்டில் இருக்கிறது, வீடு கொஞ்சம் தாழ்வில். குழாயே வாய்க்காலாகி, தண்ணீர் வீட்டுச் சுவர்ப் பெட்டி வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, கேபிள் தாங்கிக்கொண்டது, மோடம் உயரத்தில் இருந்தது. குழாயின் இரண்டு வாயையும் களிமண் மாதிரி இருக்கும் அடைப்புப் பசையால் மூடினேன். இறுகிக் கல்லாகும் நுரை வேண்டாம், பிறகு கேபிளை எடுக்க முடியாது. பசை தண்ணீரை மட்டுமல்ல, எலியையும் எறும்பையும் தடுக்கும். கேபிள் வெளிச் சுவரில் நுழையும் இடத்துக்குக் கீழே தண்ணீர் சொட்டி வெளியேற ஒரு சிறு துளையும் போட்டிருக்கிறேன்.

மறுபடி தோண்டிய இடங்களை மூடும்போது, குழாய்க்கு மேல் முப்பது சென்டிமீட்டர் உயரத்தில் எச்சரிக்கை நாடாவை விரித்தேன். ஃபைபரில் உலோகம் இல்லாததால் மண்ணுக்கடியில் கேபிள் தேடும் கருவிக்கு அது அகப்படாது. அதற்காக மெல்லிய உறையிட்ட செம்புக் கம்பி ஒன்றையும் குழாயோடு ஓட்டலாம். பள்ளம் திறந்திருக்கும்போதே போட்டுவிட வேண்டும். அந்தக் கம்பியின் முனையை வெளிப் பெட்டியோடு நிறுத்துங்கள், வீட்டுக்குள் கொண்டுவந்தால் மின்னலுக்குப் பயந்து செம்பை ஒதுக்கியதற்கே பொருள் இல்லாமல் போகும்.

என்னைப் போல ஏற்கெனவே எல்லாவற்றையும் மூடிவிட்டவர்கள் உடனே மண்வெட்டியை எடுக்க வேண்டாம். முதலில் வாக்குவம் வைத்து நூல் போகிறதா என்று பாருங்கள். போனால், கயிற்றில் உங்கள் கேபிளைவிடச் சற்றுத் தடித்த ஒரு துணி உருண்டையைக் கட்டி, அதன் பின்னால் இன்னொரு கயிற்றையும் கட்டி மெதுவாக இழுத்துப் பாருங்கள். மாட்டினால் பின்கயிற்றால் திரும்ப எடுத்துவிடலாம். அந்த உருண்டை ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஒரு கை இழுப்பிலேயே வந்துவிட்டால், எல்போ இருந்தாலும் மெல்லிய வெளிப்புறக் கேபிள் ஒன்று அதில் போகும் வாய்ப்பு உண்டு. கனெக்டர் இல்லாத கேபிளாக வாங்கி, மசகு தடவி, வளைவு அதிகமுள்ள பக்கத்தில் இருந்து ஊட்டுங்கள். உருண்டை மாட்டி நின்றால், எத்தனை மீட்டரில் நின்றது என்று கயிற்றில் குறித்துக்கொண்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் திறங்கள். அங்கே எல்போவை மாற்றுவதைவிட ஒரு பெட்டியை வைத்துவிடுவது நல்லது.